அம்மா வீட்டுப் பெயர்



போன இதழோடு ஆண்டு அட்டவணை ஒன்றைத் தனி இணைப்பாகக் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு இதழ்களில் யாரைப் பற்றி என்ன வந்தது என்று அகர வரிசையில் எட்டுப் பக்கம். உருப்படியான வேலை செய்தீர்கள் என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி.

எழுதியவர் கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குண்டு குண்டான எழுத்து, வரிக்கு வரி ஒரே இடைவெளி. "மா வரிசையில் 'மார்க்வெஸ், காப்ரியேல் கார்சியா' என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. அவர் கா வரிசையைச் சேர்ந்தவர். முப்பது வருடமும் நான் அவரை அங்கேதான் அடுக்கி வைத்தேன். புத்தகம் தேடி வந்த பிள்ளைகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். நீங்களுமா?"

அந்த 'நீங்களுமா' கொஞ்சம் சுட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அம்மா அந்தப் பெயரை முதலில் கா வரிசையில்தான் வைத்திருந்தார். "உலகமே மார்க்வெஸ் என்கிறது, இங்கே போய் யார் தேடுவார்கள்?" என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு மா வரிசைக்கு இழுத்தவன் நான். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்தார். ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் பழைய மெய்ப்புத் தாளை எடுத்து வந்து, அம்புக்குறி தெரிகிற மாதிரி மடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆக, இந்த மாதம் இந்தப் பக்கம் ஒரு பெயரின் கதைக்கு. மன்னிப்பும் இதற்குள்ளேயே இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூலகர் அய்யாவின் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பொதுவாக ஒருவருக்குக் குடும்பப் பெயர் இரண்டு. முன்னால் வருவது அப்பா வீட்டுப் பெயர், பின்னால் வருவது அம்மா வீட்டுப் பெயர். கொலம்பியாவின் அரகடாகாவில் 1927 மார்ச் 6 அன்று பிறந்த குழந்தைக்கு அப்பா காப்ரியேல் எலிஹியோ கார்சியா. அம்மா லூயிசா சந்தியாகா மார்க்வெஸ். குழந்தை காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் ஆயிற்று. கல்யாணம் ஆனதும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. அதனால்தான் அம்மாவின் பெயர் பிள்ளை வரைக்கும் வந்து சேர்கிறது. அடுத்த தலைமுறையில் அம்மா வழிப் பெயர் உதிர்ந்து, புது அம்மாவின் பெயர் வந்து உட்காரும். நம் நாவலாசிரியரின் மனைவி மெர்சிடிஸ் பார்ச்சா. மகன்கள் ரோட்ரிகோ கார்சியா பார்ச்சா, கொன்சாலோ கார்சியா பார்ச்சா. மார்க்வெஸ் அங்கே இல்லை, பாருங்கள். உலகம் எந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கொண்டாடுகிறதோ, அந்தப் பெயர் அவர் பிள்ளைகளிடம் போகவில்லை.

மூத்த மகன் ரோட்ரிகோ கார்சியா ஹாலிவுட்டில் படம் எடுக்கிறவர். அவர் பெயரைத் திரையில் பார்க்கிற ஆங்கில ரசிகருக்கு அவர் யார் மகன் என்று தோன்ற வழியே இல்லை. 'மார்க்வெஸின் மகன் மார்க்வெஸாகத்தானே இருக்க வேண்டும்?' அப்பா, அம்மா இருவரின் கடைசி நாட்களைப் பற்றி அவர் 2021இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அட்டையில் அப்பாவை 'காபோ' என்று செல்லப் பெயரில்தான் போட்டார். கொலம்பியாவில் அந்தப் பெயர் போதும். அங்கே தெருவில் போகிறவர் கூட அவரை காபோ என்றுதான் சொல்வார், ஏதோ பக்கத்து வீட்டு அண்ணனைச் சொல்கிற மாதிரி.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் குடும்பப் பெயர் ஒன்றுதான், அது கடைசியில் நிற்கும். முதலில் வருவது சொந்தப் பெயர், கடைசியில் வருவது குடும்பப் பெயர், இடையில் என்ன கிடந்தாலும் அது 'நடுப் பெயர்', பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டாம். இந்தக் கண்ணோடு பார்த்தால் கார்சியா நடுவில் மாட்டிக்கொள்கிறது. பாவம், அப்பா வீட்டுப் பெயர், எடுபிடி மாதிரி ஆகிவிடுகிறது. கவனமுள்ள ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன. அமெரிக்க நூலகங்களின் அட்டவணையிலும் கார்சியாவில்தான் தேட வேண்டும். ஆனால் பேச்சிலும் பெரும்பாலான கட்டுரைகளிலும் வெறும் மார்க்வெஸ். நமக்கு லத்தீன் அமெரிக்க இலக்கியம் பெரிதும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வரும்போது இந்தப் பழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மூட்டையில் இன்னொன்றும் இருந்தது, உச்சரிப்பு. அந்தப் பெயரில் 'வ' ஓசையே கிடையாது. ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பார்த்து நாம் மார்க்வெஸ் என்கிறோம். அவர் ஊரில் 'மார்கெஸ்' என்றுதான் சொல்வார்கள், முதல் அசையில் அழுத்தம். ஸ்பானியத்தில் அந்த முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு சாய்ந்து நிற்கும். ஆங்கில அச்சில் அநேகமாக அதைத் தூக்கிவிடுவார்கள். அது அலங்காரக் கோடு அல்ல. அந்த மொழியில் அப்படி முடிகிற சொல்லுக்கு இயல்பாக அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். 'இங்கே அப்படி இல்லை, முன்னாலேயே அழுத்து' என்று சொல்லத்தான் அந்தக் கோடு. கார்சியாவிலும் ஒரு கோடு உண்டு, 'சி'யின் மேல். 'கார்-சீ-யா' என்று மூன்று அசையாக நீட்டிச் சொல், 'கார்ஸ்யா' என்று விழுங்காதே என்பது அதற்கு அர்த்தம். இதெல்லாம் தெரிந்த பிறகும் இந்தப் பக்கத்தில் மார்க்வெஸ் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். இத்தனை வருடம் பழகிய முகத்துக்குத் திடீரென்று மீசை வைக்க மனசு வரவில்லை.

சரி, இந்தப் பெயர்களுக்குப் பொருள்?

மார்க்வெஸ் என்றால் மார்க்கோஸின் மகன். அவ்வளவுதான். பிரபுப் பட்டத்தைக் குறிக்கும் 'மார்கெஸ்' என்ற சொல் ஸ்பானியத்தில் தனியாக உண்டு. ஒலி கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஏதோ ஜமீன் பரம்பரை என்று நினைத்துவிடுவார்கள். அது வேறு, இது வேறு. ஸ்பானியப் பெயர்களின் வாலில் வரும் 'எஸ்' பெரும்பாலும் 'இன்னாரின் மகன்' என்பதைத்தான் சொல்கிறது. ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ், மார்ட்டினின் மகன் மார்ட்டினெஸ், சான்சோவின் மகன் சான்செஸ், அல்வாரோவின் மகன் அல்வாரெஸ்.

ஒரு காலத்தில் இது குடும்பப் பெயரே இல்லை, நம் இனிஷியல் மாதிரி. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஸ்பெயினின் பெரும் வீரர் எல் சித், 1099இல் இறந்தவர், அவருடைய உண்மைப் பெயர் ரோட்ரிகோ டியாஸ். டியேகோவின் மகன் என்பதால் டியாஸ். அவர் அப்பா டியேகோ லாயினெஸ், லாயினின் மகன் என்பதால் லாயினெஸ். அப்பாவுக்கும் மகனுக்கும் வேறு வேறு வால். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் இந்த ஓட்டம் நின்றுபோனது. யாரோ ஒரு மார்க்கோஸின் பெயர் பேரனுக்கும் அவன் பேரனுக்கும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நமக்கு மட்டும் அது இன்னும் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தங்கை மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது, படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டான். முதல் வருடம் முழுக்கப் பேராசிரியர் அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். "மாமா, வகுப்பில் அப்பாவைத்தான் தேடுறாங்க, நான்தான் எழுந்து நிற்கிறேன்" என்றான் போனில்.

இந்த 'எஸ்' வாலின் தம்பி நம் கடற்கரையிலேயே இருக்கிறான். போர்த்துகீசிய மொழியிலும் இதே வழக்கம்தான், ரோட்ரிகஸ், கோமஸ், லோபஸ் என்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் முத்துக்குளித்துறை ஊர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இப்படிப்பட்ட பெயர்களை ஏற்றார்கள். தூத்துக்குடிப் பக்கம் போனால் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, பெரைரா, கோஸ்தா என்று தெருவுக்குத் தெரு கேட்கலாம். போர்த்துகலில் ஃபெர்னாந்து என்பது பிள்ளைக்கு வைக்கிற பெயர். நம் பக்கத்தில் அது குடும்பத்துக்கே பெயராகி, தமிழ் நாக்கில் பர்னாந்தாகவும் ஆகிவிட்டது.

இனி கார்சியா. ஸ்பெயினில் தடுக்கி விழுந்தால் ஒரு கார்சியா மேல்தான் விழ வேண்டும். அந்நாட்டில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் அதுதான். முதல் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் மட்டும் சுமார் 14 லட்சம் பேர். ஆனால் அதன் வாலில் 'எஸ்' இல்லை. அது யாருடைய மகனும் இல்லை. பழங்காலத்தில் அது பிள்ளைக்கு வைக்கும் பெயர். ஸ்பெயினின் வடக்கே, மலைப்பக்கத்து பாஸ்க் மொழியிலிருந்து இறங்கி வந்தது. பாஸ்க் மொழியில் கரடிக்கு 'ஹார்ட்ஸ்' என்று பெயர். கார்சியா என்றால் கரடி என்று ஒரு விளக்கம். இளைஞன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எனக்குக் கரடிதான் பிடித்திருக்கிறது. காட்டு மலையில் வாழ்ந்தவன் பிள்ளைக்குக் கரடி என்று பெயர் வைப்பான், இளைஞன் என்று வைத்தால் அறுபது வயதில் என்ன செய்வான்?

அந்த மலைப்பக்கத்து பாம்ப்லோனா அரசர்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வரும், நெருக்கமும் தோன்றும். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் அந்த வம்சத்தில் மகனுக்கு மகன் வந்த பெயர்கள் இவை: சான்சோ கார்செஸ், கார்சியா சான்செஸ், மறுபடி சான்சோ கார்செஸ், மறுபடி கார்சியா சான்செஸ், இன்னொரு முறை அதே ஜோடி. அதாவது கார்சியாவின் மகன் சான்சோ, சான்சோவின் மகன் கார்சியா. தாத்தா பெயர் பேரனுக்கு, ஆறு தலைமுறை. பேரன் என்ற சொல்லிலேயே பெயரை ஒளித்து வைத்திருக்கிற மொழிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அரகடாகாக் குழந்தைக்கு இந்தக் கார்சியா எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் எனக்கு நிஜமாகவே வியப்பு வந்தது. 'அப்பா வீட்டுப் பெயர் கார்சியா' என்று நூலகர் அய்யா சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அந்த அப்பாவுக்கு அது எங்கிருந்து வந்தது?

அவருடைய அம்மாவிடமிருந்து. காப்ரியேல் எலிஹியோவைப் பெற்றவள் அர்ஹெமிரா கார்சியா என்ற பெண். மிகச் சிறு வயதில் தாயானவள், கல்யாணம் ஆகவில்லை. குழந்தையின் தகப்பன் ஓர் ஆசிரியர், மார்ட்டினெஸ் குடும்பத்தவர். முறைப்படி கல்யாணம் நடந்திருந்தால் பிள்ளை மார்ட்டினெஸ் ஆகியிருப்பான். நடக்கவில்லை. தாயின் பெயரோடு வளர்ந்தான். வளர்ந்து தந்தி ஆபீஸ் வேலைக்கு அரகடாகா வந்தான். அங்கே கர்னல் நிக்கோலாஸ் மார்க்வெஸின் மகள் மேல் காதல் கொண்டான். கர்னலுக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரன், பெண்கள் விஷயத்தில் பேர் கெட்டவன், அதற்கு மேல் கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்தவன். பெண்ணை ஊர் ஊராக உறவினர் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பையன் தந்தி ஆபீஸ்காரன் அல்லவா? அவள் போகிற ஊருக்கெல்லாம் கம்பி வழியாகச் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. கடைசியில் 1926இல் கல்யாணம் நடந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் 1982இல் நோபல் பரிசு வாங்கியவர் காப்ரியேல் மார்ட்டினெஸ் மார்க்வெஸ். எழுதிப் பார்த்தால் ஏதோ வக்கீல் குமாஸ்தா பெயர் மாதிரி இருக்கிறது.

ஆக, கார்சியா பாட்டியின் பெயர். மார்க்வெஸ் அம்மாவின் பெயர். இரண்டுமே பெண்கள் வழியாக வந்து சேர்ந்தவை. மா வரிசையா, கா வரிசையா என்று நாம் அடித்துக்கொள்கிற அந்த இடத்தில் உண்மையில் இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழந்தை பிறந்த பிறகு தாய் தகப்பன் பிழைப்புக்காக வேறு ஊர் போனார்கள். பிள்ளை அரகடாகாவிலேயே தங்கிவிட்டான். கர்னல் தாத்தாவோடும், திரான்கிலீனா இகுவாரான் பாட்டியோடும். ஆயிரம் நாள் போர் என்று கொலம்பியாவில் 1899 முதல் 1902 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லிபரல் பக்கம் நின்று சண்டை போட்டவர் தாத்தா. பேரன் அவரை 'பப்பலேலோ' என்று கூப்பிடுவான். போர்க் கதை தாத்தாவிடமிருந்து, ஆவிக் கதை பாட்டியிடமிருந்து. தாயே எப்போதாவது வந்து போகும் ஒரு விருந்தாளி மாதிரிதான் சில காலம். அவன் வளர்ந்தது முழுக்க மார்க்வெஸ் வீடு. ஆங்கிலக்காரன் அறியாமல் செய்த தப்பு, பார்த்தீர்களா, எங்கே கொண்டுபோய் விடுகிறது!

நூலகர் அய்யா கோபப்படாமல் இதையும் கேட்க வேண்டும். ஸ்பானியர்களே எப்போதும் முதல் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்பதில்லை. முதல் பெயர் ஊரெல்லாம் கிடைக்கிற பெயராக இருந்தால், அடையாளத்துக்காக இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார்கள். கவிஞர் ஃபெடெரிகோ கார்சியா லோர்காவை ஸ்பெயினிலேயே லோர்கா என்பார்கள், அது அம்மா வழிப் பெயர். பிரதமராக இருந்த ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ் சபதேரோ அங்கே சபதேரோதான். அந்தச் சொல்லுக்குச் செருப்புத் தைப்பவர் என்று அர்த்தம். அர்த்தத்தைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. பாப்லோ ரூயிஸ் பிக்காசோ இளவயதில் இரண்டு பெயரையும் கையெழுத்தில் போட்டவர், பிறகு அப்பாவின் ரூயிஸை விட்டுவிட்டார். பிக்காசோ அம்மா பெயர்.

ஆனால் கார்சியா மார்க்வெஸுக்கு அந்த வழக்கம் செல்லவில்லை. ஸ்பானியத்தில் அவர் இரண்டு சொல்லும் சேர்ந்தே வருவார், இல்லையென்றால் காபோ. இதற்கு நியாயம் கேட்டால் கிடைக்காது. மொழி இப்படித்தான். எந்த எழுத்தாளர் எந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறார் என்பதை வாசகர்களின் வாய்தான் முடிவு செய்கிறது. மரியோ வர்காஸ் யோசாவும் அப்படியே, இரண்டும் சேர்ந்துதான். ஆங்கிலத்தில் சிலர் அவரைத் தனியாக 'யோசா' என்று எழுதுவதைப் பார்த்து நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

மருத்துவம் படிக்கிற வாசகர்களுக்கு ஒன்று. நரம்பு செல்களை வரைந்து காட்டி 1906இல் நோபல் பரிசு வாங்கியவர் சந்தியாகோ ராமோன் இ காஹால். நடுவில் வரும் 'இ'க்கு 'உம்' என்று பொருள், ராமோனும் காஹாலும். ராமோன் அப்பா, காஹால் அம்மா. ஆங்கிலக் காதுக்கு ராமோன் என்பது பிள்ளைப் பெயர் மாதிரி கேட்கும், அதனால் மருத்துவப் பாடநூல்களில் அவர் பெரும்பாலும் வெறும் காஹால்தான். குடல் அசைவுக்குத் தாளம் கொடுக்கிற செல்களுக்குக்கூட அந்த அம்மா வீட்டுப் பெயர்தான். இந்தத் தொல்லைக்குப் பயந்து இன்று ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிற ஸ்பானியர் பலர், இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு இழுத்து ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். சொந்த ஊரில் அந்தக் கோடு கிடையாது. ஆங்கிலக்காரன் பிரித்துவிடாமல் இருக்கப் போட்ட தாலி அது.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் விசித்திரம். அங்கே ஊருக்குப் பாதிப் பேருக்கு ஸ்பானியப் பெயர் இருக்கும், ஸ்பானிய ரத்தம் இருக்காது. 1849இல் கவர்னர் நர்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை போட்டார். குடும்பப் பெயர் இல்லாதவர்களிடம் வரி வசூலிப்பதும் கணக்கெடுப்பதும் கஷ்டமாக இருக்கிறது, எல்லோரும் ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அகர வரிசையில் பெயர்கள் அச்சிட்ட ஒரு பட்டியல் புத்தகம், அதன் பக்கங்களை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் சில ஊர்களில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் அமைந்துவிட்டது. பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். ஸ்பானிய வரிசை தலைகீழானது. அம்மா வீட்டுப் பெயர் நடுவுக்கு வந்தது, அப்பா வீட்டுப் பெயர் கடைசிக்குப் போனது. முன்னாள் அதிபர் பெனிக்னோ கொஹுவாங்கோ அகினோவின் பெயரில் கொஹுவாங்கோ அவர் அம்மா கொராசோன் வீட்டுப் பெயர், அகினோ அப்பா வீட்டுப் பெயர். அங்கே மட்டும் கடைசிப் பெயரைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஸ்பானியப் பெயர்தான், ஆனால் ஆங்கில வரிசை.

ஸ்பெயினிலேயே இப்போது வரிசை கட்டாயம் இல்லை. அப்பா பெயர்தான் முதலில் என்ற முன்னுரிமையைச் சட்டம் எடுத்துவிட்டது, 2017 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குழந்தையைப் பதியும்போது எது முதலில் என்று பெற்றோர் சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பதிவு அதிகாரி முடிவு செய்வார். அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசை.

நாவலுக்கு வருகிறேன், அதை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தை முடித்தால் வாசகர்கள் சும்மா விடமாட்டீர்கள். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று நம் மொழியிலும் வந்துவிட்ட அந்த நாவல், 1967இல் புவனஸ் அயர்ஸில் முதலில் வெளியானது. கிரெகரி ரபாஸாவின் ஆங்கிலம் 1970இல். நாவலில் வரும் குடும்பம் புவெந்தியா. அந்தச் சொல்லைப் பிரித்தால் 'நல்ல நாள்' என்று வரும். ஒரு நல்ல நாளும் நிலைக்காத அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெயர். ஸ்பானிய வாசகருக்கு ஒவ்வொரு முறையும் இது காதில் விழும். ஆங்கிலத்தில் அது வெறும் ஒலி, நமக்கும் அப்படித்தான்.

அந்த வீட்டில் ஹோசே அர்காதியோவும் அவுரெலியானோவும் மாறி மாறிப் பிறந்துகொண்டே இருப்பார்கள், பாம்ப்லோனா அரசர்கள் மாதிரி. தலை சுற்றாமல் இருக்க ஆங்கிலப் பதிப்பின் முன்னால் ஒரு வம்சப் படம் போட்டார்கள். நான் முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேதான் படித்தேன், அந்த மூலை மட்டும் அழுக்கேறிப் போயிற்று. கர்னல் அவுரெலியானோவுக்குப் போர் நடந்த ஊர்களிலெல்லாம் பிறந்த பதினேழு பிள்ளைகள் ஒவ்வொருவராக வீடு தேடி வருவார்கள். எல்லோருக்கும் அவுரெலியானோ என்றே ஞானஸ்நானம், கூடவே அவரவர் தாயின் குடும்பப் பெயர். வீட்டைத் தாங்கும் கிழவி உர்சுலாவுக்கு இகுவாரான் என்று, சொந்தப் பாட்டியின் பெயரையே கொடுத்திருக்கிறார். 1985இல் வந்த காலரா காலக் காதல் நாவலில் தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் ஃப்ளோரென்டினோ அரீசா, தகப்பன் பெயர் கிடைக்காமல் தாய் பெயரோடு வளர்ந்தவன். அந்த இளைஞன் யார் என்று இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

நூறு ஆண்டுகளின் கடைசிப் பக்கங்களில் ஒரு சின்னப் பாத்திரம் வரும். காப்ரியேல் என்று ஒரு பையன், மருந்துக் கடையில் இருக்கும் மெர்சிடிஸ் என்ற பெண்ணோடு பழகுகிறவன். நிஜ மெர்சிடிஸும் மருந்துக்கடைக்காரர் மகள்தான். நாவலில் அந்த ஊரே கர்னல் அவுரெலியானோவை மறந்துவிட்டது, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்கிறது. நம்புகிறவன் இந்த காப்ரியேல். ஏனென்றால் கர்னலோடு தோளோடு தோள் நின்று சண்டை போட்ட கர்னல் ஜெரினெல்டோ மார்க்வெஸ் அவனுக்கு எள்ளுத்தாத்தா. பிறகு அவன் இரண்டு மாற்றுடை, ஒரு ஜோடி செருப்பு, ரபெலேயின் முழுத் தொகுப்பு, இவற்றோடு பாரிஸ் போய்விடுவான். தன் நாவலுக்குள் தானே நடந்து போகிறபோது தனக்கு எந்த வீட்டு முன்னோர் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். அது கார்சியா வீடு இல்லை.

இதை மெய்ப்புப் பார்க்கும் அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் ஜெயித்த குரலில். "அது நாவல் சார். இது அட்டவணை" என்றார்.

அதனால் திருத்திய பக்கம் இந்த இதழின் நடுவில் இருக்கிறது, பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். கா வரிசையில் 'கார்சியா மார்க்வெஸ், காப்ரியேல்', பக்க எண்கள் அவருக்குக் கீழே. மா வரிசையை அம்மா அடித்துவிடுவார் என்று நினைத்தேன். விட்டு வைத்திருக்கிறார். 'மார்க்வெஸ் — காண்க: கார்சியா மார்க்வெஸ்' என்று ஒரு வரி. நூலகங்களில் அந்தக் காலத்தில் இதற்கென்றே தனி அட்டை எழுதி இழுப்பறையில் செருகுவார்களாம். நூலகர் அய்யா முப்பது வருடத்தில் எத்தனை எழுதியிருப்பாரோ.

அன்புடன்,
ஆசிரியர்